ரேம் போட்டால் போதுமா, மெஷினையே மாற்றணுமா?

டிசைன் வேலை செய்கிற இருவர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே ஓர் இடத்துக்கு வந்து சேரும். "மெஷின் இழுக்குது. மாத்திடலாமா, இல்ல எதையாவது போட்டு ஓட்டலாமா?" இந்தக் கேள்விக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. கேள்வி அப்படியே இருக்கிறது. பதில் சொல்கிற ஆளும், பதில் சொல்ல வேண்டிய நேரமும் மாறிவிட்டன. அன்று பதில் சொன்னவர் கையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்த சர்வீஸ்காரர். மெஷின் இழுக்கத் தொடங்கிய பிறகு சொன்னார். இன்று வாங்குகிறவரே, வாங்குகிற நாளிலேயே, பாதிப் பதிலைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்று தெரிந்தால், இன்றைய முடிவை எடுப்பதும் சுலபமாகும்.

பெட்டி பழசு, உள்ளே புதுசு

தமிழ்நாட்டில் டிசைன் தொழில் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது டிடிபி வழியாகத்தான். 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கர், 1989-இல் வந்த கோரல்டிரா, 1990-இல் வந்த போட்டோஷாப் ஆகிய மூன்றும், கூடவே ஒரு லேசர் பிரிண்டரும் இருந்தால் தொண்ணூறுகளில் ஒரு டிடிபி சென்டர் தொடங்கிவிடலாம். அச்சகத்தின் பக்கத்திலும் ஜெராக்ஸ் கடை மாடியிலும் அவை முளைத்தன. திருமணப் பத்திரிகை, நோட்டீஸ், காலண்டர், சினிமா போஸ்டர் எல்லாம் அங்கே உருவாகி, பிலிமாகவோ டிரேசிங் தாளாகவோ அச்சகத்துக்குப் போயின.

அந்த மெஷின்கள் எவ்வளவு சின்னவை என்பதற்கு ஒரு கணக்குப் போதும். ஏ4 தாளில் 300 டிபிஐ அளவில் ஒரு படம் செய்தால் 2480-க்கு 3508 புள்ளிகள். மொத்தம் ஏறக்குறைய 87 லட்சம். அச்சுக்கான சிஎம்ஒய்கே முறையில் புள்ளிக்கு 4 பைட். ஆக, ஒரே ஒரு லேயருக்குச் சுமார் 35 எம்பி. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிடிபி சென்டர் மெஷினில் 16 எம்பி ரேம் இருந்தால் சாதாரணம், 32 இருந்தால் வசதி. அதாவது, படத்தின் ஒரு பரப்பே மெஷினின் நினைவகத்தைவிடப் பெரிது. 1994-இல் போட்டோஷாப்பின் மூன்றாம் பதிப்பில் லேயர் வசதி வந்தபோது தொல்லை இன்னும் பெருகியது. மிச்சத்தை மென்பொருள் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படித்தது. ஒரு பில்டரைப் போட்டுவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்துத் திரும்பினாலும் கோடு பாதி வழிதான் போயிருக்கும்.

அதனால் கேள்விக்கு அன்றைய முதல் பதில் எப்போதும் ரேம்தான். அடுத்தது ஹார்ட் டிஸ்க். அதற்கும் அடுத்தது பிராசஸரும் மதர்போர்டும் ஜோடியாக. சென்னை என்றால் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிட்சி தெரு. மற்ற ஊர்களில், அங்கிருந்து சரக்கு எடுத்து வந்து விற்ற சிறு கடைகள். பழைய ரேமைக் கொடுத்து மேலே காசு போட்டுப் புதியதை வாங்கலாம். கழற்றிய பழையதும் வீணாகாது. வேறொருவரின் மெஷினுக்குப் போகும். கேபினெட் மட்டும் அப்படியே நிற்கும், உள்ளே இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். "இந்த சிஸ்டம் எந்த வருஷம் வாங்கினது?" என்று கேட்டால் உரிமையாளருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

மாற்றுவதா, மேம்படுத்துவதா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கவே அன்று தேவை இருக்கவில்லை. மேம்படுத்திக்கொண்டே போனால் நாளடைவில் அது வேறு மெஷினாகிவிடும். செலவும் தவணை தவணையாக, கையில் காசு வந்தபோது நடந்தது. பத்திரிகை சீசன் முடிந்ததும் ரேம், தேர்தல் போஸ்டர் காசு வந்ததும் மானிட்டர் என்று தொழிலின் வரவும் மெஷினின் வளர்ச்சியும் கூடவே போயின.

அந்தக் காலத்தில் லேப்டாப் டிசைனர்களின் கணக்கிலேயே இல்லை. ஐபிஎம்மின் திங்க்பேட் 700சி, 10.4 அங்குல வண்ணத் திரையோடு 1992-லேயே வந்துவிட்டது. ஆனால் அது பெரிய நிறுவன அதிகாரிகளின் பொருள். வண்ணம் பார்த்து வேலை செய்கிறவர் கனமான சிஆர்டி மானிட்டரைத்தான் நம்பினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் நிறம் மாறுகிற லேப்டாப் திரையை எவரும் டிசைனுக்கு நினைத்துப் பார்க்கவில்லை.

மின்வெட்டும் லேப்டாப்பும்

நிலைமை மாறியது 2000-களின் பிற்பகுதியில். லேப்டாப்பின் விலை இறங்கியது ஒரு காரணம். தமிழ்நாட்டுக்கென்று இன்னொரு காரணமும் இருந்தது: மின்வெட்டு. 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் அது நீடித்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமல் கழிந்தது. டெஸ்க்டாப்பும் யுபிஎஸ்ஸும் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது பைலைச் சேமித்து அணைக்கிற அவகாசம் மட்டும். பேட்டரியோடு வந்த மெஷினில் அடுத்த இரண்டு மணி நேரம் வேலையும் நடந்தது. கரண்ட் வரும் நேரம் பார்த்து பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம், டிசைனை அதற்குள் முடித்துவிடலாம் என்பதே பலரை லேப்டாப் பக்கம் தள்ளிய கணக்கு.

அதே காலத்தில், 2011 செப்டம்பரில், தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. டெஸ்க்டாப்பையே சொந்தமாக வைத்திராமல், முதல் கம்ப்யூட்டராகவே லேப்டாப்பைப் பார்த்த ஒரு தலைமுறை அதில் உருவானது. அவர்களில் டிசைனுக்கு வந்தவர்கள் கடை வாடகை கொடுக்கவில்லை. வீட்டிலும் வாடிக்கையாளர் அலுவலகத்திலும் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

அன்றைய லேப்டாப்பும் திறந்த பொருளாகத்தான் இருந்தது. அடிப்பக்கத்தில் சின்ன மூடி; இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் ரேம். பக்கத்து மூடிக்குள் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க். பேட்டரியைக் கழற்ற ஸ்க்ரூகூட வேண்டாம், தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வரும். டிவிடி டிரைவை உருவிவிட்டு, அந்த இடத்தில் 'கேடி' என்ற சட்டத்தில் இன்னொரு டிஸ்க்கைப் பொருத்திக்கொண்டவர்கள் நிறைய. ஆப்பிளின் மேக்புக் ப்ரோவிலும் அடித்தட்டைக் கழற்றினால் ரேமையும் டிஸ்க்கையும் மாற்றிக்கொள்ள முடிந்தது.

அந்தக் கட்டத்தின் மேம்படுத்தலில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, பாகம் மட்டும் போதாது என்பது. ஆசையாக 4 ஜிபி ரேம் போட்டவருக்கு விண்டோஸ் 3.25 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, 32 பிட் விண்டோஸுக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது. போட்டோஷாப்பின் 64 பிட் பதிப்பு 2008-இல் விண்டோஸுக்கு வந்தபிறகுதான் 8 ஜிபி போடுவதற்கு அர்த்தம் வந்தது. அதற்கும் முதலில் "பார்மேட் அடிச்சு 64 பிட் போடணும் தம்பி" என்பார் சர்வீஸ்காரர்.

இரண்டாவது பாடம் எஸ்எஸ்டி. லேப்டாப்பில் சுழன்ற ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறக்குறைய 100 எம்பி படித்தது. சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல். அதைவிடப் பெரிய லாபம் வேறு இடத்தில் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் முள் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் இடம் தேடி நகர வேண்டும். எஸ்எஸ்டியில் நகர எதுவுமே இல்லை. நூற்றுக்கணக்கான எழுத்துருக்களும் ஆயிரக்கணக்கான படங்களும் நிறைந்த டிசைனரின் மெஷினுக்கு அது புது உயிர் கொடுத்தது. தூக்கி எறிய இருந்த லேப்டாப்புகள் இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் ஓடின. போட்ட காசுக்கு இத்தனை பலன் தந்த மேம்படுத்தல் இந்தத் தொழிலில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மூடி போனது

ஆனால் அதே ஆண்டுகளில் மெஷின்கள் மூடிக்கொள்ளவும் தொடங்கியிருந்தன. 2008 ஜனவரியில் வந்த மேக்புக் ஏரில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. மெல்லிய மெஷின் வேண்டுமென்றால் இது விலை என்று சிலர் ஏற்றுக்கொண்டார்கள். 2012 ஜூனில் டிசைனர்களின் நேரடி மெஷினான மேக்புக் ப்ரோவே, ரெட்டினா திரையோடு, அந்த வழிக்கு வந்தது: ரேம் பற்றவைப்பு, பேட்டரி ஒட்டு. பழுதுபார்க்கும் வசதிக்கு மதிப்பெண் போடும் ஐபிக்ஸிட் அதற்குக் கொடுத்தது பத்துக்கு ஒன்று. 2016-இல் டச் பார் மாடலில் எஸ்எஸ்டியும் பலகையோடு சேர்ந்தது. 2020 நவம்பரில் வந்த ஆப்பிளின் எம்1 சில்லில் ரேம் பிராசஸரின் பொட்டலத்துக்குள்ளேயே போய்விட்டது. விண்டோஸ் பக்கம் அல்ட்ராபுக்குகள் பின்னாலேயே வந்தன. 2024-இல் இன்டெல்லின் லூனார் லேக் பிராசஸரும் 16 அல்லது 32 ஜிபியைப் பொட்டலத்துக்குள் வைத்தே விற்பனைக்கு வந்தது.

இதை முழுக்கக் கம்பெனிக்காரர்களின் பேராசை என்று சொல்லிவிட முடியாது. ரேம் பிராசஸருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவு குறைந்த மின்சாரத்தில் அவ்வளவு வேகமாகப் பேசும். எல்பிடிடிஆர் வகை ரேம் அந்த நெருக்கத்துக்காகவே செய்யப்பட்டது. வழக்கமான ஸ்லாட்டில் அது உட்காராது. கிராபிக்ஸும் பிராசஸரும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் எம்1 வரிசையின் வேகத்துக்கு இந்த நெருக்கம் ஒரு முக்கியக் காரணம். நாள் முழுக்கப் பேட்டரி நிற்பதற்கும் அதில் பங்கு உண்டு. மின்வெட்டுக்குப் பயந்து லேப்டாப் வாங்கியவர் 2012-இல் கேட்ட வரம் இதுதானே.

வியாபாரமும் இருந்தது. ஆப்பிள் 8 ஜிபியிலிருந்து 16 ஜிபிக்குப் போக அமெரிக்காவில் 200 டாலரும் இந்தியாவில் 20,000 ரூபாயும் வாங்கியது. அந்நாளில் கடையில் அதே அளவு ரேம் குச்சியின் விலை அதில் ஒரு சிறு பகுதிதான். வெளியே வாங்கிப் பொருத்தும் வழி அடைபட்டதால், கம்பெனி சொன்ன விலையே விலையானது.

நமக்கு இதில் முக்கியம், முடிவின் காலம் முன்னே நகர்ந்துவிட்டது என்பதுதான். வளரும் பிள்ளைக்கு யூனிபார்மை ஓர் அளவு பெரிதாகத் தைப்பதுபோல, நான்காம் ஆண்டு தேவைப்படப்போகும் ரேமுக்கு முதல் நாளே காசு கட்ட வேண்டும். கையில் காசு வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்ற வசதி, பெரும்பாலான மெல்லிய மெஷின்களில் இல்லை. 2020-இல் 8 ஜிபியோடு எம்1 வாங்கிய டிசைனருக்கு அதன் பிராசஸரில் இன்றும் தெம்பு இருக்கிறது, ரேம்தான் முட்டுகிறது. முன்பு பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் குறைக்காக முழு மெஷினையும் மாற்ற வேண்டிய இடத்தில் அவர் நிற்கிறார்.

எதிர்த் திசையிலும் சில முயற்சிகள் நடக்கின்றன. 2021-இல் பிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம், மதர்போர்டு வரை எல்லாவற்றையும் உரிமையாளரே மாற்றிக்கொள்ளும் லேப்டாப்பைக் கொண்டுவந்தது. வேகமான ரேமையும் கழற்றி மாட்டும்படி காம்2 என்ற தரம் 2023 டிசம்பரில் உறுதியானது; 2024-இல் லெனோவாவின் திங்க்பேட் பி1 அந்த வகை ரேமோடு வந்தது. நம் ஊர்க் கடை அலமாரியில் இவை பரவலாக வரவில்லை.

மெஷினை முதியதாக்குவது யார்

அன்று மெஷின் முதுமை அடைந்தது தேய்மானத்தால். மென்பொருளை ஒருமுறை வாங்கினால் அது அப்படியே இருக்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்கு யூனிகோடு தெரியாது. பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பழகிய கைகளுக்கு அது குறையாகவும் படவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருக்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே மெஷினில் குடித்தனம் செய்தன. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்தியபோது, நெட் இணைப்பே இல்லாத டிடிபி மெஷின்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. "ஓடுற மெஷினை எதுக்கு மாத்தணும்?" என்ற வாதத்துக்கு அன்று மறுப்பு கிடையாது.

வாடிக்கையாளர் தமிழை வாட்ஸ்அப்பில் யூனிகோடாக அனுப்பத் தொடங்கியதும் அந்த வாதம் ஆட்டம் கண்டது. இன்டிசைன் 2012-இல் சிஎஸ்6 பதிப்பில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைச் சரியாகக் கோக்கக் கற்றுக்கொண்டது. அதற்கு மாற வேண்டுமென்றால் பழைய மெஷின் போதவில்லை. மெஷினை மாற்ற வைத்தது தேய்மானம் என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர் அனுப்பிய எழுத்துதான் மாற்ற வைத்தது.

அதன்பின் இது வழக்கமாகிவிட்டது. அடோபி 2013-இல் பெட்டி விற்பனையைக் கைவிட்டுச் சந்தாவுக்கு மாறியது. ஒவ்வொரு ஆண்டும் புதுப் பதிப்பு, அதற்கேற்ப ஏறும் தேவை. இன்று போட்டோஷாப்புக்குக் குறைந்தது 8 ஜிபி, பரிந்துரை 16 ஜிபி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 சில்லு இருக்கிறதா, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேலா என்று கேட்கிறது. 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள 2016-ஆம் ஆண்டு லேப்டாப் நன்றாக ஓடினாலும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. மேக்கிலும் அதே கதை: 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. 2019-இல் லட்சங்கள் கொட்டி வாங்கிய 16 அங்குல மேக்புக் ப்ரோவும் அதில் அடக்கம். ரேம் போட்டு இந்தத் தேதிகளைத் தள்ளிப்போட முடியாது.

எது குறைகிறது?

அன்று சர்வீஸ்காரர் காதால் கேட்டும் கையால் தொட்டும் சொன்னதை, இன்று மெஷினே எண்ணில் சொல்கிறது. வழக்கமாகச் செய்கிற மிகக் கனமான பைலைத் திறந்து வேலை செய்துகொண்டே விண்டோஸில் டாஸ்க் மேனேஜரையோ மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரையோ பாருங்கள். வெறும் மெஷினைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

நினைவகம் 90 சதவீதத்துக்கு மேல் ஏறி, டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால் ரேம் பற்றவில்லை. திருமண ஆல்பம் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 12-க்கு 36 அங்குல விரிப்பை 300 டிபிஐயில் செய்தால் 3.9 கோடிப் புள்ளிகள். ஆர்ஜிபியில் ஒரு முழு லேயருக்கு ஏறக்குறைய 117 எம்பி. இருபது லேயர் சேர்ந்தால் இரண்டு ஜிபியைத் தாண்டும். பின்னோக்கிப் போவதற்கான ஹிஸ்டரி தனி. பிளக்ஸ் செய்கிறவர் 10-க்கு 8 அடி பேனரை 72 டிபிஐயில் வைத்தாலும் சிஎம்ஒய்கேயில் லேயருக்கு 240 எம்பி அளவு வரும். 8 ஜிபி மெஷின் இங்கே மூச்சு வாங்குவதில் வியப்பில்லை. நடுத்தர விலை விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் 8 ஜிபி பற்றவைப்பும் காலியாக ஒரு ஸ்லாட்டும் இருக்கும். அதில் இன்னொரு 8 போட்டால் இரண்டு லாபம்: அளவும் கூடும், இரட்டைப் பாதையில் ஓடுவதால், ரேமைக் கடன் வாங்கி வேலை செய்யும் உள்ளமைந்த கிராபிக்ஸும் வேகம் பெறும்.

ரேம் போதுமானதாக இருந்தும் இழுத்தால் டிஸ்க்கைப் பாருங்கள். எஸ்எஸ்டி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பினாலே போட்டோஷாப்பின் ஸ்க்ராட்ச் பைல்களுக்கு இடம் நெருக்கடியாகிறது. முடிந்த வேலைகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றினால் காசே செலவாகாமல் தீர்ந்துவிடும் நோய் இது. எம்.2 ஸ்லாட் இருந்தால் பெரிய எஸ்எஸ்டி போடுவதும் சுலபம்.

தொடங்கும்போது வேகமாக இருந்து அரை மணியில் தளர்ந்தால் காரணம் சூடு. விசிறியில் தூசு அடைத்து, பிராசஸர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். சூடு ஏறாமல் இருக்கப் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறையில் வேலை செய்கிறவர்கள் புது மெஷின் விலை விசாரிப்பதற்கு முன் செய்ய வேண்டியது சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றுவதுதான். பேட்டரி தளர்ந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடலாம்.

இவை எதுவும் இல்லாமல், முப்பரிமாண ரெண்டரிலும் வீடியோவிலும் மட்டும் மெஷின் நிற்கிறது என்றால் குறை கிராபிக்ஸில். பெரும்பாலான லேப்டாப்புகளில் அதை மாற்ற வழியில்லை. மெஷினைத்தான் மாற்ற வேண்டும். ஏஐ வசதிகளுக்காக மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்டோஷாப்பில் 2023-இல் வந்த ஜெனரேட்டிவ் பில் அடோபியின் சர்வரில் ஓடுகிறது. அதற்கு நல்ல நெட் போதும். அதே ஆண்டு லைட்ரூமில் வந்த டீநாய்ஸ் உங்கள் மெஷினின் கிராபிக்ஸில் ஓடுகிறது; அதற்குத்தான் வலுவான மெஷின் வேண்டும். பிக்மாவிலும் கேன்வாவிலும் முழு நேரமும் வேலை செய்கிறவருக்கு பிரவுசரைத் தாங்கும் ரேம்தான் தேவை. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு அலங்காரமாகவே நிற்கும்.

திரையை மறந்தவர்கள்

அன்று மானிட்டர் தனிப் பொருள். மெஷின் எத்தனை முறை மாறினாலும் நல்ல மானிட்டர் கூடவே வந்தது. இன்று லேப்டாப்போடு திரை ஒட்டிப் பிறக்கிறது, விலைப்பட்டியலில் கடைசி வரியாக இருக்கிறது, வாங்குகிறவர் அதைப் படிப்பதும் இல்லை. மலிவு மாடல்களில் "45 சதவீத என்டிஎஸ்சி" என்றிருந்தால், இணையத்துக்கான அடிப்படை வண்ணப்பரப்பான எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அந்தத் திரை எட்டாது. காஞ்சிப் பட்டின் அரக்கு அதில் செங்கல் நிறமாகத் தெரியும். டிசைனர் அதைச் சரிசெய்வதாக நினைத்துச் சிவப்பைக் கூட்டுவார். ஆல்பம் அச்சாகி வந்ததும் பெண் வீட்டார் புகார் சொல்வார்கள். ரேம் எத்தனை போட்டாலும் இந்தக் குறை தீராது.

எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டும் திரை டிசைனருக்கு அடிப்படைத் தேவை. இருக்கும் லேப்டாப் மற்ற எல்லாவற்றிலும் நன்றாக இருந்தால், வண்ணம் சரியாகக் காட்டும் வெளி மானிட்டர் ஒன்றை வாங்கி இணைப்பது மெஷினை மாற்றுவதைவிட நல்ல முடிவு. அடுத்த மெஷின் வந்தாலும் அது கூடவே இருக்கும். பழைய டெஸ்க்டாப் காலத்தின் தவணைப் புத்தி இன்னும் செல்லுபடியாகிற இடங்களில் இது ஒன்று.

விலை தலைகீழான காலம்

கம்ப்யூட்டர் பொருள் என்றால் காத்திருந்தால் விலை இறங்கும் என்பது முப்பது ஆண்டு வழக்கம். 2025-இன் பிற்பகுதியில் அது கவிழ்ந்தது. ஏஐ சர்வர்களுக்கு நினைவகச் சில்லுகள் அள்ளப்பட்டதால் ரேமின் விலை உலகெங்கும் தாவி ஏறியது. பலர் நம்பி வாங்கிய க்ரூஷியல் என்ற சில்லறைப் பிராண்டிலிருந்தே விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. மேம்படுத்தினால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன காலம் முடிந்துவிட்டது. புது மெஷினுக்குள்ளும் அதே ரேம்தான் என்பதால் மாற்றுவதும் மலிவாகிவிடவில்லை. இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் இனி முடிவெடுக்க முடியாது.

நடுவில் ஒரு பாதை இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் லீஸ் முடிந்து திருப்பிக் கொடுக்கும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகை மெஷின்கள் நம் நகரங்களில் தாராளமாக விற்கின்றன. அவற்றில் பல மாடல்களில் ரேம் ஸ்லாட் இன்னும் இருக்கிறது. விண்டோஸ் 11 ஏற்கிறதா, திரை எது, பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற மூன்றையும் பார்த்து வாங்கினால், தொழில் தொடங்குகிறவருக்கு அது மரியாதையான மெஷின். வருமான வரி கட்டித் தொழில் செய்கிறவர்கள் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் காட்டலாம் என்பதையும், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் 18 சதவீத வரியை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்முன் வாடிக்கையாளர் பைல்களை முழுமையாக அழிப்பதும், சந்தா மென்பொருளிலிருந்து வெளியேறுவதும் நம் பொறுப்பு. எதற்கும் ஆகாத மெஷினைப் பழைய இரும்புக் கடையில் போட வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி அதை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் கடமை.

வரவும் செலவும்

மொத்தத்தில் பார்த்தால் டிசைனர் இழந்ததும் உண்டு, பெற்றதும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொள்ளும் சுதந்திரம் போனது. பழைய பாகம் இன்னொருவருக்குப் பயன்பட்ட சங்கிலி அறுந்தது. ரேம் மாற்றியே குடும்பம் நடத்திய பல சர்வீஸ்காரர்கள் செல்போன் பழுதுக்கு மாறிவிட்டார்கள். பதிலுக்கு, கையில் தூக்கிப் போகும் மெஷினில் சிவகாசி காலண்டர் முழுவதையும் முடித்து பிடிஎப் அனுப்ப முடிகிறது. நல்ல அளவில் வாங்கிய மெஷின் ஐந்து, ஆறு ஆண்டுகள் தளராமல் நிற்கிறது. தொண்ணூறுகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உள்ளுறுப்பை மாற்றியாக வேண்டியிருந்ததை நினைத்தால் அது சின்ன லாபம் இல்லை.

ஆகவே தீர்ப்பு இப்படி. ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, சூடு ஆகியவற்றில் குறை இருந்து, மெஷின் திறக்கக்கூடியதாகவும் இருந்தால் மாற்றாதீர்கள், சரிசெய்யுங்கள். அந்தச் செலவு புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். திரை மட்டும் குறை என்றால் மானிட்டர் வாங்குங்கள். கிராபிக்ஸ், பற்றவைத்த ரேம், ஆதரவு முடிந்த விண்டோஸ் அல்லது மேக்ஓஎஸ், இவற்றில் ஒன்று குறுக்கே நின்றால் மாற்றுங்கள், தயங்காதீர்கள். மாற்றும்போது 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். ஆல்பமும் வீடியோவும் தொழில் என்றால் 32. பிராசஸரில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை. ரேமிலும் திரையிலும் இறங்காதீர்கள்.